புதுக் காது

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த முன்னாள் கடற்படைக்காரரின் வீடு. ராத்திரி ஏழு மணிக்கு அவர் வீட்டு டி.வி. சத்தம் தெருமுனை மளிகைக் கடை வரை கேட்கும். “நியூஸ் தெரியணும்னா அவர் வாசல்ல போய் நின்னாப் போதும்” என்று கடையில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியும் அவர் காதில் விழுந்ததில்லை.

1984-ல், பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தவர். விமானப் பிரிவில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக். கோவாவில் ஐ.எல்.-38, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் டி.யூ.-142 என்று இரண்டு ரஷ்ய விமானங்களோடு வாழ்ந்தவர். கடலுக்கு மேலே மணிக்கணக்காகப் பறந்து கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடுவது அவற்றின் வேலை. அவற்றின் காதைப் பழுது பார்ப்பது இவர் வேலை.

“பிளேனுக்குக் காது இருக்கா தாத்தா?” என்று பேத்தி ஒருமுறை கேட்டாள்.

“இருட்டுல ஒருத்தன் டார்ச் அடிச்சுக்கிட்டு வர்றான்னு வெச்சுக்கோ. அவனுக்குப் பத்தடி தூரம்தான் தெரியும். ஆனா தெருக்கோடியில நிக்கிற உனக்கு அவன் டார்ச் தெரிஞ்சிடும்ல?”

ரேடாரும் அப்படித்தான். கப்பலின் ரேடார் அலை விமானத்தின் மீது பட்டு, எதிரொலியாகத் திரும்பி வந்தால்தான் கப்பலுக்கு விமானம் தெரியும். விமானத்துக்கோ அந்த அலை ஒரு வழி வந்தாலே போதும். தான் வாயைத் திறக்காமல், காதை மட்டும் திறந்து வைத்திருந்தால், கப்பல் தன்னைப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடலாம். அலையின் அதிர்வெண், துடிப்பின் நீளம், துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆகியவற்றை வைத்து, அது எந்த வகை ரேடார் என்றும் சொல்லிவிடலாம்.

ஆனால் கடலில் ரேடார்கள் பெருகப் பெருக, பழைய கருவிகள் திணறின. சந்தைக்குள் நின்று ஒருவர் குரலை மட்டும் பிரித்துக் கேட்பது போன்ற பாடு. ஐ.எல்.-38 விமானங்களை ‘சீ டிராகன்’ என்ற புதிய அமைப்போடு நவீனப்படுத்த 2001-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் ஆனது. 2002 அக்டோபர் 1 அன்று, அந்தப் படைப்பிரிவின் வெள்ளி விழா நாளில், கோவா வானத்தில் இரண்டு ஐ.எல்.-38 விமானங்கள் மோதி விழுந்தன. அந்த நாளைப் பற்றி அவர் இன்றுவரை அதிகம் பேசுவதில்லை. நவீனப்படுத்திய முதல் விமானம் 2006-ல் வந்தது. “பழசே நல்லாத்தானே இருந்துச்சு” என்று முணுமுணுத்தவர்களிடம் அவர் சொன்னாராம்: “உடம்பு பழசா இருக்கட்டும். காது புதுசா இருக்கணும்.”

2008-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். கூடவே வந்தது காது மந்தம். டி.யூ.-142-க்கு நான்கு இன்ஜின்கள். ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர்கள். உலகின் மிக இரைச்சலான விமானங்களில் அதுவும் ஒன்று. பேச வசதியாக இருக்கட்டும் என்று காதுக் கவசத்தை அடிக்கடி கழற்றி வைத்தது அவருடைய அசட்டுத் தைரியம்.

இரைச்சலில் கெட்ட காது, முதலில் இழப்பது மெல்லிய, உச்ச ஒலிகளை. அதனால் பஸ் ஹாரன் கேட்டது. மனைவியின் குரல் கேட்கவில்லை. ஒரு காது மெஷின் வாங்கிப் பார்த்தார். அது மிக்ஸியையும் ஹாரனையும் சேர்த்தே பெரிதாக்கியது. ஒரே வாரத்தில் பீரோவுக்குள் போனது. திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்த மனைவியின் பேச்சு, “சாப்பிட வாங்க”, “மாத்திரை” என்று இரண்டாகச் சுருங்கியது.

அரக்கோணத்தில் டி.யூ.-142 விடைபெற்று 2017-லேயே பி-8ஐ ஜெட்டுக்கு இடம் விட்டிருந்தது. 2023 அக்டோபர் 31-ல் கடைசி ஐ.எல்.-38-ம் ஓய்வு பெற்றது. அந்த வாரம் முழுக்கப் பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே பேசினார். தீபாவளிக்கு முன் ஒரு காலை, மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தார். அரைமணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பால் கணக்குக்கு வந்த பக்கத்து வீட்டம்மாதான் ஓடிப்போய்த் தூக்கினார். கணுக்கால் சுளுக்கோடு போயிற்று.

சென்னையிலிருந்து வந்த மகள், அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள்: “பிளேனுக்குப் புதுக் காது வெச்சப்ப சந்தோஷப்பட்டீங்களே... உங்களுக்கு மட்டும் ஏம்ப்பா பழசே போதும்னு இருக்கீங்க?”

அவரிடம் பதில் இல்லை.

பரிசோதித்த நிபுணர், எந்த அதிர்வெண்கள் குறைந்திருக்கின்றன என்று வரைபடம் போட்டுக் காட்டினார். புது மெஷின் அவற்றை மட்டும் தூக்கிக் கொடுக்கும். இரைச்சலை அமுக்கி, பேச்சைப் பிரித்துத் தரும் என்றார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாழ்நாளெல்லாம் பார்த்த வேலை அதுதானே!

மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம். அதற்கு நடுவே மெல்லிய குரல்: “டி.வி. ரிமோட்ட எங்க வெச்சாரோ... வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருந்தாத்தானே...”

எழுந்து போய் வாசற்படியில் நின்றார்.

“இத்தனை வருஷமா என்னைத் திட்டிக்கிட்டுத்தான் இருந்தியா?”

கையில் கரண்டியோடு திரும்பிய மனைவி அவரையே பார்த்தார். பிறகு அதே மெல்லிய குரலில், ஒரு வார்த்தையைக்கூட உயர்த்தாமல் சொன்னார்:

“தனியாத்தாங்க பேசிக்கிட்டு இருந்தேன்.”

அதுவும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.