கொல்லிமலையும் 32 பவுண்டும்

நாமக்கல்லில் பைக்குக்குக் காற்றுப் பிடிப்பது சற்றே அவமானமான காரியம். லாரிகளுக்கு பாடி கட்டுகிற ஊர். நூறு பவுண்டுக்கு மேல் அடித்தே பழகிய கடைப் பையனிடம் போய், ''முன்னால 25, பின்னால 32'' என்றால், பலூன் ஊதச் சொன்ன மாதிரி பார்க்கிறான். ''ரெண்டுக்கும் நாப்பது போட்டுடறேன் சார். மைலேஜ் பிச்சுக்கும்!''

மைலேஜ் கிடக்கட்டும். மேலே காத்திருப்பவை 70 கொண்டை ஊசி வளைவுகள். காற்று ஏற ஏற, டயர் தரையைத் தொடுகிற இடம் சுருங்கும். மணல் கிடக்கிற வளைவில் வழுக்கும். குறைந்தாலோ ஹேண்டில் கனக்கும், டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். என் 150 சிசி வண்டியின் கையேட்டில், தனியாகப் போனால் பின்சக்கரத்துக்கு 28; பின்னால் ஆள் இருந்தால் 32. எனக்குப் பின்னால் 85 கிலோ நண்பன். (கையேடு எழுதியவர் இவனைப் பார்த்ததில்லை.)

வெயிலில் ஓடி, அடிவாரக் காரவள்ளியில் நின்றதும் நண்பன் என் பாக்கெட் கேஜை வைத்துப் பார்த்தான். 35! ''மூணு பவுண்டு ஜாஸ்திடா. இறக்கிடு.''

இறக்கவில்லை. ஓடிய டயர் சூட்டில் அப்படித்தான் காட்டும். இப்போது இறக்கினால் ஆறியபின் காற்று பத்தாது. கையேட்டுக் கணக்கெல்லாம் ஆறிய டயருக்கு.

மறுநாள் காலை செம்மேட்டில் பார்த்தால், சமர்த்தாக 32. உயரே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, கேஜ் ஒன்றரை பவுண்டு போல கூடக் காட்ட வேண்டும். மலைக்குளிர் கிட்டத்தட்ட அதே அளவைத் தின்றுவிடுகிறது. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாயகங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறியதில் நண்பன் இரண்டு கிலோ இளைத்திருப்பான். அதற்காக நான் காற்றைக் குறைக்கவில்லை.

கொல்லிப்பாவை சிரித்தே ஆளை முடித்துவிடுவாளாம். இறக்கத்து வளைவுகளும் அந்த ரகம்தான். பாறை கசிந்து ஈரமாகிக் கிடந்த ஒரு வளைவில், எதிரே பஸ் ரோடு முழுக்க அடைத்தபடி திரும்பியது. இரண்டாவது கியர், இரண்டு பிரேக்கும் நிதானமாக. டயர்கள் தாரைக் கவ்விக்கொண்டன. தடுப்புச்சுவருக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. சுவருக்கு அப்பால் வெறும் பள்ளம்.

நண்பன் என் தோளை விடவேயில்லை.

''முன்னால எவ்வளவுடா சொன்னே?''

''இருபத்தஞ்சு.''

''எதுக்கும் இப்ப ஒரு தடவை பாத்துடலாமா?''

''சூடா இருக்குடா. காலையில பாக்கலாம்.''