காய்வதற்கு முன்

பயத்தமாவைத் தயிரில் குழைத்து முகத்தில் பூசச் சொல்லும் வீட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடிகின்றன: நன்றாகக் காய்ந்ததும் தேய்த்துக் கழுவவும். மாவிலும் தயிரிலும் எனக்குக் குறையில்லை; அந்தக் ‘காய்ந்ததும்’தான் உறுத்துகிறது. தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. பதினைந்து இருபது வரிசை இருந்தாலும் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். வரிசைகளைப் பிணைக்கும் புரதக் கட்டுகளைத் தோலிலுள்ள நொதிகளே மெல்ல அறுக்கின்றன. இளவயதில் அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ 28 நாள் ஆகும், வயது ஏற ஏற இன்னும் நீளும். அந்த நொதிகளுக்கு ஈரம் வேண்டும். ஈரம் வற்றினால் கட்டுகள் அறுபடாமல் செல்கள் கொத்தாக ஒட்டி நிற்கும். மார்கழியில் முகம் வெளுத்துச் செதில் படர்வது அதனால்தான். அப்படியிருக்க, உதிர்வதற்கு உதவ வந்த மாவை இறுகக் காயவிட்டு, காய்ந்த தோலின் மேல் அதையே தேய்ப்பது எந்தக் கணக்கில் சேரும்?

காலங்காலமாக நலங்கு மாவு தேய்த்துத்தானே குளித்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எண்ணெய்க் குளியலில் முதலில் தோலில் ஏறியது நல்லெண்ணெய். மாவு அதற்குப் பிறகுதான். பயற்றின் ஸ்டார்ச்சும் புரதமும் எண்ணெயைப் பற்றிக்கொள்ளும், அதன் சபோனின் சிறிது நுரைத்து நீரோடு போகச் செய்யும். துகளுக்கும் தோலுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் எப்போதும் இருந்தது. அரைத்த பொடியை மெல்லிய துணியில் சலிக்கும் வஸ்திரகாயம் என்ற வழக்கமும் மருந்துப் பொடிகளுக்கு உண்டு. நலங்கு மாவில் சேரும் வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் நார் மிகுந்தவை; மிக்ஸியில் ஓட்டி அப்படியே எடுத்தால் சிராய்கள் தங்கும். இன்றைய குறிப்புகள் மாவை வைத்துக்கொண்டு எண்ணெயையும் சலிப்பதையும் விட்டுவிட்டன. மிச்சம் இருப்பது உராய்வு மட்டுமே.

தேய்த்தவுடன் முகம் பளிச்சென்று இருக்கிறதே என்பார்கள். உண்மைதான்: தளர்ந்த செதில்கள் போனதும் ஒளி சீராகத் திரும்புகிறது. கூடவே வரும் சிவப்பு, தோல் எரிச்சலடைந்ததன் அடையாளம். நம்மைப் போன்ற மாநிறத் தோல் எரிச்சலுக்குக் கருமையாகவே பதில் சொல்லும். பரு ஆறிய இடத்தில் கறுப்பு மாதக்கணக்கில் நிற்பதைப் பார்க்காதவர் உண்டா? ஜப்பானில் நைலான் துண்டால் உடம்பை அழுத்தித் தேய்த்தவர்களுக்கு எலும்பு மேடுகளின் மேல் கருந்திட்டுகள் படர்ந்ததைத் தோல் மருத்துவர்கள் 1980களில் பதிவு செய்தார்கள். வெளுக்கத் தேய்த்த கையே கறுக்க வைக்கிறது என்பது எனக்கு வருத்தமான செய்தி.

இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கைக்கு எலுமிச்சையே போதுமான மறுப்பு. தோலின் பி.எச். அளவு ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றினுடையது 2 அளவில். அதில் சர்க்கரையைக் கலந்தால் முனையுள்ள படிகங்களும் சேர்கின்றன. சாறு பட்ட தோல் வெயிலில் புண்ணாகிக் கறுப்பதும் உண்டு. தயிர் வேறு. அதன் பி.எச். சுமார் 4.5, தோலுக்கு வெகு அருகில். 1974-இல் வான் ஸ்காட், யூ என்ற ஆய்வாளர்கள் இருவர், பரம்பரைச் செதில் நோயில் லாக்டிக் அமிலமும் அதன் இனத்தவையும் செதிலைத் தளர்த்துவதைக் காட்டினார்கள். தயிரில் அந்த அமிலம் மிகக் குறைவு. அற்புதம் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் வேலை அமிலத்துக்கும் ஈரத்துக்கும் உரியது, விரலுக்கு அல்ல. சலித்த மாவைத் தயிரில் தளர்வாகக் கரைத்து, ஓரம் வெளுக்கத் தொடங்கும் முன்பே நிறையத் தண்ணீர் விட்டு வழித்துவிட்டால் போதும். வாரம் ஒரு முறை. பருவோ புண்ணோ இருக்கும் வாரத்தில் அதுவும் வேண்டாம்.