மெல்லிய நிப்பு: பட்டறையிலிருந்து சட்டைப் பை வரை

மைப் பேனா எப்படி எழுதும் என்பதை முடிவு செய்வது நிப்பின் முனை. உடலின் நிறம், கிளிப்பின் பளபளப்பு, மூடியின் எடை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. தமிழில் எழுதுபவருக்கு இது இன்னும் முக்கியம். ஞ, ணு, இ போன்ற எழுத்துகளின் சுழிகள் கோடு போட்ட நோட்டின் ஒரு வரிக்குள் அடங்க வேண்டும். நிப்பு பட்டையாக எழுதினால் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். அன்றாடம் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் மெல்லிய நிப்பைத் தேடுவது இதனால்தான்.

நிப்பில் பொறித்திருக்கும், மெல்லியது என்று பொருள்படும் ‘எஃப்’ எல்லா நாட்டிலும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. ஐரோப்பிய நிறுவனங்களின் ‘எஃப்’ பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டிக் கோடு போடும். கோடுகள் நெருங்கிய கான்ஜி எழுத்துகளைச் சின்னக் கட்டத்துக்குள் எழுதிப் பழகிய ஜப்பானில் அதே ‘எஃப்’ இன்னும் மெல்லியது. பிளாட்டினம் நிறுவனத்தின் ப்ரெப்பி பேனாவில் 02, 03, 05 என்று அளவையே எண்ணாகப் போட்டிருப்பார்கள். கடையில் கேட்க அதுதான் தெளிவான வழி.

விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர், காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் போலவே நிப்புக்கும் பெயர் பெற்ற ஊர். சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்த நிப்புகள் அங்கிருந்து வெளியூர்களுக்குப் போயின. பால்பாயிண்ட் பேனா பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்த பிறகு அந்தத் தொழில் தேய்ந்தது. நிப்பு செய்யும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எஃகுத் தகட்டிலிருந்து இலை வடிவில் துண்டு அடித்து, நடுவில் துளையிட்டு, அச்சில் வைத்து வளைக்கிறார்கள். நல்ல நிப்பின் முனையில் எளிதில் தேயாத உலோகக் கலவையில் ஒரு சிறு மணியைப் பற்றவைக்கிறார்கள். விலை குறைந்த நிப்பில் மணி கிடையாது. எஃகு முனையையே மடித்து உருட்டிவிடுவார்கள்.

நிப்பின் தரம் தெரிவது பிளவில். மெல்லிய அறுப்பு வட்டாலோ வெட்டுக் கத்தியாலோ போடும் இந்தக் கீறல் முனைக்குப் போகப் போக ஒடுங்க வேண்டும். குறுகிய இடத்தை நோக்கி மை தானாக ஊறி வருவது நுண்குழாய் ஈர்ப்பினால். கீறல் முனையில் அகன்றுவிட்டால் மை நடுவழியிலேயே நின்றுவிடும். பிளவின் இருபுறமும் உள்ள இரண்டு நாக்குகளில் ஒன்று முடியளவு ஏறியிருந்தாலும் பேப்பரைக் கீறும். பட்டை நிப்பில் தாளைத் தொடும் பரப்பு அதிகம் என்பதால் சின்னக் கோணல் மறைந்துபோகும். மெல்லிய நிப்பில் மறையாது. அதனால் மெல்லிய நிப்புக்குத்தான் கடைசித் தேய்ப்பும் சரிபார்ப்பும் கூடுதலாக வேண்டும்.

அந்தக் கடைசிக் கைவேலைக்கு விலை கிடைப்பதில்லை. நிப்பு வியாபாரத்தின் கணக்கு குரோஸ், அதாவது 144. குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், ஒவ்வொரு முனையையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பவருக்கு நஷ்டம், பார்க்காமல் தள்ளிவிடுபவருக்கு லாபம். அதே நிப்பு பெயர் பொறித்த உடலில் ஏறியதும் விலை பல மடங்காகிறது. அந்த ஏற்றத்தில் முனையைத் தேய்த்த கைக்குப் பங்கு இல்லை. இது அநியாயம். வாங்குகிறவரையும் இது பாதிக்கிறது. மலிவான பேனாவில் ஒரு நிப்பு போல இன்னொரு நிப்பு எழுதாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடல் செய்யும் கைத்தொழில் ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் உயிரோடு இருக்கிறது. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றி இறுக்கிய எபோனைட் தண்டைக் கடைசலில் கடைந்து பேனா செய்கிறார்கள். ராஜமுந்திரி ரத்னம் பேனாவைக் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா வழியாகப் பெற்ற காந்தி, 1935-இல் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையும் எபோனைட்டாக இருந்தால் மை நன்றாகப் பிடிக்கும். வெந்நீரில் வைத்து அழுத்தினால் அது நிப்போடு ஒட்டி உட்காரும். உடலிலேயே நேராக மை ஊற்றும் பேனாவில் ஒரு குறை உண்டு: மை குறைந்ததும் உள்ளே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து, திடீரென ஒரு சொட்டை வெளியே தள்ளும். சட்டைப் பையில் வைத்துத் திரிபவருக்கு கார்ட்ரிட்ஜோ கன்வெர்ட்டரோ போட்ட பேனா ஏற்றது.

கடையில் நிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். துளையருகே பிளவு தெரிந்து முனையருகே ஒடுங்கியிருந்தால் நல்லது. பிறகு லென்ஸில் முனையை நேரெதிராகப் பார்த்தால் இரண்டு நாக்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அடுத்து, கொஞ்சமும் அழுத்தாமல் எட்டு எட்டாகக் கிறுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் போகும்போது மட்டும் கீறினால் நாக்கு ஏறியிருக்கிறது என்று பொருள். முதல் எழுத்தில் மை வராமல் போகிற நிப்பை அங்கேயே வைத்துவிடலாம். வீட்டில் பிளேடை விட்டுப் பிளவை அகட்டுவதும், தரையில் தேய்ப்பதும் மெல்லிய முனையைக் கெடுக்கும் வேலைகள்.

குறைந்த விலையில் முதலில் பார்க்க வேண்டியது ப்ரெப்பிதான். மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் உள்மூடியால் மை எளிதில் காய்வதில்லை. கையில் கனம் வேண்டுபவருக்கு உலோக உடல் கொண்ட பைலட் மெட்ரோபாலிட்டனின் ‘எஃப்’ பொருந்தும். ஷாங்காயின் ஹீரோ 329, 616 பேனாக்களில் முனை மட்டும் வெளியே தெரிவதால் நிப்பு சீக்கிரம் காயாது. ஆனால் கோணினால் திருத்துவது கடினம். எபோனைட் உடலின் மேல் ஆசை உள்ளவர், நிப்பை எழுதிப் பார்த்து மாற்றிக்கொள்ள விடும் பட்டறையில் வாங்கலாம்.

மெல்லிய பிளவு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இந்தியன் இங்க் போன்ற அரக்குச் சேர்ந்த வரைகலை மைகளை மைப் பேனாவில் ஊற்றவே கூடாது. மை மாற்றும்போதெல்லாம் சாதாரணத் தண்ணீரில், நிறம் போகும்வரை கழுவ வேண்டும். நீண்ட நாள் எழுதாமல் வைப்பதானால் மையைக் கொட்டி, கழுவி, உலர்த்தி வைக்க வேண்டும்.