மணவிலக்கும் பழைய கையெழுத்தும்

திருமண நாளில் வருங்காலத்தை எண்ணிப் பூரிக்கும் தமிழ்க் குடும்பங்கள், சாவுக்குப் பின் வரவிருப்பதைப் பேச மட்டும் கூசும். ‘மங்கலமான வீட்டில் உயில் பேச்சு எதற்கு?’ என்று பெரியவர்கள் வாயடைத்துவிடுவர். மணவிலக்குப் பெற்றவரின் மௌனமோ இரட்டிப்பானது. நீதிமன்றப் படி ஏறி இறங்கியதே போதும், இனி எந்தப் பாரத்தையும் தொட வேண்டாம் என்ற களைப்பு அது. அக்களைப்பின் விலையைப் பெரும்பாலும் வேறொருவரே செலுத்த நேர்கிறது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கை ஆளும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வீடு யாருக்கு, பிள்ளைகள் யாரிடம், மாதந்தோறும் எத்தனை வெள்ளி என்பன அதன்படி தீர்க்கப்படுகின்றன. ஆயினும் முன்பு எழுதிவைத்த உயிலையோ, நிரப்பிக் கொடுத்த நியமனப் பாரத்தையோ மணவிலக்குத் தீர்ப்பு தானாக அழிப்பதில்லை. 1959ஆம் ஆண்டின் உயில் சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. அத்திருமணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டதாக இருந்தாலன்றி, முந்திய உயிலைத் திருமணம் செல்லாததாக்கிவிடும். மணவிலக்குக்கு அந்த ஆற்றல் இல்லை. முடிச்சுப் போடும்போது கிழிகின்ற தாள், அவிழ்க்கும்போது கிழிவதில்லை!

கிள்ளானில் ஒரு தொழிற்சாலை எழுத்தரை எண்ணிப் பார்க்கலாம். இருபத்தைந்து வயதில் மணந்து, ஊழியர் சேமநிதிக்கு மனைவியின் பெயரைக் குறித்துக் கொடுத்தார். பத்தாண்டுகளில் மணவிலக்கு; பின்னர் மறுமணம்; இரண்டு பிள்ளைகள். ஐம்பதை எட்டும் முன்னே மாரடைப்பில் மறைந்தார். புதிய உயில் இல்லை. பெற்றோரும் உயிருடன் இல்லை. ஆகவே 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி அவரது சொத்தில் மூன்றில் ஒரு பங்கு இரண்டாம் மனைவிக்கும், மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். மணவிலக்கானவருக்கு அதில் பங்கில்லை. சேமநிதியின் கதையே வேறு. பெயர் குறிக்கப்பட்டவர் இறந்தாலோ, உறுப்பினர் எழுத்து மூலம் ரத்துச் செய்தாலோ, புதிய நியமனம் அளித்தாலோதான் பழையது நீங்கும். மணவிலக்கும் மறுமணமும் அதைத் தொடா. முஸ்லிம் அல்லாத உறுப்பினரால் நியமிக்கப்பட்டவர் அத்தொகையைத் தம் உரிமையாகவே பெறுவார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாதச் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணம் முதல் மனைவியின் கைக்குப் போகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுடன் இரண்டாமவர் முகப்பில் நிற்கிறார்.

இதில் முதல் மனைவியைப் பழிப்பது முறையன்று. அவர் கேட்டு வாங்கியது எதுவுமில்லை. வறுமைக் காலத்தில் உடன் உழைத்தவர் என்பதால் அவர் பெயரே இருக்கட்டும் என்று ஒருவர் மனமார விரும்பவும் கூடும். இறந்தவரின் மனத்தை முகப்பு அதிகாரி அறிய இயலாது. கையெழுத்தைத்தான் அவர் பார்ப்பார்.

ஆயுள் காப்புறுதியின் சிக்கல் இன்னும் இறுக்கமானது. முஸ்லிம் அல்லாதார் ஒருவர் தம் மனைவியையோ பிள்ளையையோ நியமித்தால், 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டப்படி அப்பணம் அவர்களுக்குரிய அறக்கட்டாகிவிடும். கடன்காரர் அதில் கைவைக்க முடியாது. அது குடும்பத்துக்குக் காப்பு. ஆனால் அறங்காவலரின் ஒப்புதலின்றி நியமனத்தை மாற்றவும் முடியாது. வேறு அறங்காவலர் நியமிக்கப்படாதபோது, பெயர் குறிக்கப்பட்ட மனைவியே அப்பொறுப்பில் இருப்பார். கசப்போடு பிரிந்தவரிடம் சில ஆண்டுகள் கழித்துக் கையொப்பம் கேட்டு நிற்பது எத்தகைய நிலை!

சிங்கப்பூரில் திருமணம் மத்திய சேமநிதி நியமனத்தையே ரத்தாக்கிவிடும். அங்கும் மணவிலக்கு அதை ரத்தாக்குவதில்லை. இக்கரையில் உள்ளவரும் அக்கரையில் வேலை செய்பவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பிவிடுவதால் குழப்பம் பெருகுகிறது.

இடைக்காலமும் கவனத்துக்குரியது. மலேசியாவில் முதற்கட்டத் தீர்ப்பு வழக்கமாக மூன்று மாதங்களுக்குப் பின்னரே முழுமை பெறும். அதற்குள் ஒருவர் உயிலின்றி இறந்தால், எஞ்சியவர் சட்டப்படி இன்னமும் கணவரே அல்லது மனைவியே, பங்கும் உண்டு. எனவே உயிலையும் சேமநிதி நியமனத்தையும் மாற்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காப்புறுதிக்கான ஒப்புதலையோ, இருவரும் வழக்கறிஞர் முன் அமர்ந்து உடன்படிக்கை எழுதும் அன்றே அதில் ஒரு பிரிவாகச் சேர்த்துவிடலாம்.