க்ஷேமம் என்று ஒரு வார்த்தை

நம் ஊர்ப் பெரியவர்கள் கடிதம் எழுதிய முறையில் ஒரு மரியாதை இருந்தது. தலைப்பில் பிள்ளையார் சுழி. அதற்கடுத்தபடி, ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்தில் அனைவருடைய க்ஷேமத்துக்கும் எழுத வேண்டியது’ என்று ஒரு வரி. விஷயம் எதுவானாலும் அதற்குப் பிறகுதான். பங்காளியின் மேல் வழக்குப் போடப் போவதாக மிரட்டி எழுதும் கடிதத்தில்கூட, முதலில் அவனுடைய க்ஷேமத்தை விசாரித்துவிட்டுத்தான் மிரட்டலை ஆரம்பிப்பார்கள்.

வருஷத்தில் ஒன்பது மாதங்களுக்கு அந்த வரிக்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் கிடையாது. எழுதுகிறவரும் பழக்கத்தில் எழுதுவார். படிக்கிறவரும் பழக்கத்தில் தாண்டிப் போவார். ஆனால் ஐப்பசி பிறந்து மார்கழி முடிகிற வரையில், கிழக்குக் கடற்கரையில் உறவோ நட்போ உள்ளவர்களுக்கு அந்த ஒரு வரிதான் கடிதம்; மற்றதெல்லாம் வெறும் காகிதம். 1952 நவம்பரில் நாகப்பட்டினம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி. 1977 நவம்பரில் மறுபடியும் நாகப்பட்டினம். 2011 டிசம்பர் கடைசியில் கடலூர். 2018 நவம்பரில் வேதாரண்யம். கடற்கரைக்காரர்களிடம் இந்த வருஷங்களைச் சொன்னால் போதும். அந்தப் புயலின்போது வீட்டில் யார் கைக்குழந்தை, எந்தச் சுவர் விழுந்தது என்று கணக்காகச் சொல்வார்கள்.

2018-ல் வந்த புயலுக்குக் கஜா என்று பெயர் வைத்திருந்தார்கள். கஜம் என்றால் யானை. தோப்புக்குள் யானை புகுந்தால் என்ன நடக்கும் என்று நம் குடியானவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்தில் எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் வேதாரண்யத்துக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். என் கதைகளை அச்சுப் பிழை உட்பட ஒரு வரி விடாமல் படிக்கிறவர். மற்றவர் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். என் கதைகளில் ஒரு வரிகூடப் படிக்காதவர். இந்த இரண்டு வகை நண்பர்களும் ஓர் எழுத்தாளனுக்கு அவசியம் வேண்டும்.

நவம்பர் 15-ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன்.

“காற்று எழும்பிடுச்சு சார். வடக்கேயிருந்து வருது. ஓட்டு வீட்டை நம்ப முடியாது. தெருவையே பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்கு அனுப்பியாச்சு. நானும் கிளம்பிட்டேன்” என்றார். பிறகு, “அது சரி, உங்க தொடர்கதையிலே அந்தப் பெண்ணைக் கிணற்றடியிலே நிறுத்திட்டுத் ‘தொடரும்’ போட்டுட்டீங்களே, அவ என்ன ஆனாள்?” என்று கேட்டார்.

“அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“பொறுத்துக்கறேன். ஆனா அவளைக் கொன்னுடாதீங்க” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

நடு இரவுக்குப் பிறகு, 16-ஆம் தேதி பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையேறியது. முன்னறிவிப்பு ஒழுங்காகக் கிடைத்திருந்ததால் 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விடிந்ததும் மறுபடி போன் செய்தேன். அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் மிகவும் இனிமையாகச் சொல்லிற்று. பேராவூரணிக்காரரைப் பற்றியும் அதே குரல், அதே இனிமை. அன்று முழுவதும் அந்த அம்மாளோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

காரணம் விளங்கத்தான் செய்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. மின்சாரம் போனால் செல்போன் கோபுரங்கள் பாட்டரியிலும் டீசலிலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். டீசல் கொண்டுபோகிற சாலையில் மரங்கள் குறுக்கே கிடந்தால் அதுவும் இல்லை. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் மனசு சும்மா இருந்துவிடுகிறதா? தொலைக்காட்சியில் ஏதாவது பள்ளிக்கூடத்தைக் காட்டினால் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். தெரிந்தவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் போன் செய்து, “உங்களுக்கு ஏதாவது சமாசாரம் உண்டா?” என்று கேட்டோம். ஒருவரிடமும் சமாசாரம் இல்லை. இருந்தாலும் கேட்பதை நிறுத்தவில்லை.

இந்தக் காத்திருப்பை நான் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். 1964-ல் மதுரையில் பள்ளிக்கூடத்துப் பையன். எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பிள்ளை பாம்பனில் ஒரு கருவாட்டு மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் போயிற்று. பாம்பன் பாலமும் உடைந்தது. தீவுக்கு வழியில்லை, தீவிலிருந்து செய்தியும் இல்லை. எதிர்வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எங்கள் வீட்டிலிருந்துதான் காப்பி போயிற்று.

அந்தக் காலத்தில் தந்திச் சேவகர் தெருவில் திரும்பினாலே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். தந்தி என்றால் சாவு என்று அர்த்தம். சில நாட்கள் கழித்து அவர் வந்தபோது, எதிர்வீட்டு அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். என் தகப்பனார் போய்த் தந்தியை வாங்கிப் பிரித்தார். மண்டபத்திலிருந்து வந்திருந்தது. அதில் ஒரே வார்த்தை: ‘சேஃப்.’ வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய காலம். பையன் சிக்கனமாக அனுப்பியிருந்தான். கதவுக்கு வெளியே நின்று, “பிள்ளை க்ஷேமம், பிள்ளை க்ஷேமம்” என்று அப்பா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி நிறுத்தப்பட்டபோது, எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஞாபகம் வந்தது.

பிள்ளை வந்து சேர்ந்தான். தெருவே போய் விசாரித்தது. “ஒண்ணுமில்லே, நல்லா இருக்கேன்” என்று நூறு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். பத்து நாளில் விசாரிப்பு ஓய்ந்தது. தை பிறந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் அப்பா அவனைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, “இப்ப சொல்லுடா” என்றார். நான் தூணுக்குப் பின்னால் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, படிப்பதுபோல் இருந்தேன்.

அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த சிநேகிதன் அந்த ரயிலில் போனான். மழைக்குக் குடை பிடித்து ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, கையாட்டிவிட்டு வந்தவன் இவன்தான். அதை அதுவரையில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாட்களில் செப்பனிட்டு ரயில் விட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். அந்தப் பையன் வாய் திறக்கவும் ஏறக்குறைய அத்தனை நாள் பிடித்தது.

“பிழைச்சு வந்தவனை உடனே கேட்டா ஒண்ணுமில்லேம்பான். ஊர் கேட்டு முடிச்ச பிறகு கேட்கணும்” என்றார் அப்பா, அன்றிரவு அம்மாவிடம்.

கஜா புயலில் மூன்றாம் நாள் எனக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவன் யாரோ ஒரு பையன். “ஐயா, ஹெட்மாஸ்டர் சார் சொல்லச் சொன்னாரு. எல்லாரும் பத்திரமா இருக்கோம். நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்கச் சொன்னாரு” என்றான். மோட்டார் சைக்கிளில், கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி, சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் வந்திருக்கிறான். சட்டைப் பையில் தலைமையாசிரியர் கைப்பட எழுதிய பட்டியல், முப்பத்தாறு எண்கள். “இன்னும் பதினாலு பேருக்குச் சொல்லணும் ஐயா” என்று வைத்துவிட்டான். அவன் பேரைக் கேட்கக்கூட இடம் கொடுக்கவில்லை.

பின்னால் தலைமையாசிரியரே விவரம் சொன்னார். வடக்கேயிருந்து காற்று மரங்களைத் தெற்கே சாய்த்ததாம். பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிற்றாம். சிலர் புயல் போய்விட்டதென்று வெளியே கிளம்பினார்களாம். இவர் கதவை மறித்து நின்றுகொண்டார். அது புயலின் கண். கண் தாண்டியதும் காற்று எதிர்த்திசையில், தெற்கேயிருந்து, முன்னைவிட மூர்க்கமாக அடித்தது. “நம்ம புலவர்கள் கொண்டாடற தென்றல் வர்ற திசைதான் சார். மிச்சம் நின்னதை அது சாய்ச்சது” என்றார். அவர் வீட்டு ஓடுகள் போயின; மாமரங்கள் போயின; ஊர் உப்பளங்களில் சேறு மூடிற்று. பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

பேராவூரணி நண்பர் கிடைக்க ஆறு நாள் ஆயிற்று.

“உயிருக்கு ஒண்ணும் இல்லே அண்ணே. வீட்டுல எல்லாரும் சுகம்.”

“தோப்பு?”

சற்று நேரம் பதில் இல்லை. “நிக்கறதைச் சொன்னா சீக்கிரம் எண்ணிடலாம். பதினொண்ணு.”

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. க்ஷேமமானவர்களின் கணக்கில் அவர் பெயரும் ஏறிவிட்டது. ஆனால் அந்த நாட்களிலேயே பத்திரிகையில் வேறு செய்திகள் வர ஆரம்பித்தன. புயலுக்குத் தப்பிய சில தென்னை விவசாயிகள், விழுந்த தோப்பைப் பார்த்துவிட்டுத் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அவர்களும் முதல் நாள் யாருக்கோ, “ஒண்ணுமில்லே, நல்லா இருக்கோம்” என்று சொல்லியிருப்பார்கள் அல்லவா?

தைப் பொங்கலுக்கு முன்னால் பஸ் ஏறிப் பேராவூரணிக்குப் போனேன். வழி நெடுக மரங்கள் சீப்பால் வாரிவிட்டாற்போல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அறுக்கும் மிஷின்களின் சத்தம் எல்லாத் தோப்புகளிலும் கேட்டது. நண்பருடைய தோப்பில் மட்டும் கேட்கவில்லை. விழுந்தது விழுந்தபடி கிடந்தது.

ஒரு மரத்தின் மேல் இருவரும் உட்கார்ந்தோம். “இப்ப சொல்லுங்க தம்பி” என்றேன்.

நஷ்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. “இதெல்லாம் எங்கப்பா வச்ச பிள்ளைங்க அண்ணே” என்று ஆரம்பித்தார். தென்னங்கன்றைப் ‘பிள்ளை’ என்று சொல்கிற வழக்கத்தை நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் காதால் கேட்டாற்போல் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “ராத்திரியிலே தூக்கம் வராது. எழுந்து இங்கே வந்துடுவேன். வீட்டுக்காரி டார்ச்சை எடுத்துக்கிட்டுப் பின்னாலேயே வருவா. ஒண்ணும் பேச மாட்டா, தள்ளி நிப்பா. எதுக்கு வர்றான்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துட்டேன்.”

நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பல வருஷங்களாகக் கதை எழுதியவனுக்கு எங்கே பேசக் கூடாது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். அவர் பேசி முடித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. நின்றிருந்த பதினொன்றில் ஒன்றின் இளநீரை வெட்டிக் கொடுத்தார். வீட்டு வாசலில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். “அண்ணனுக்குச் சாப்பாடு போடு. நாளைக்கு மரம் அறுக்க ஆள் வரச் சொல்லணும்” என்றார். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போனாள். டார்ச் மாடத்தில் இருந்தது.

ரயிலுக்குக் கிளம்பும்போது, “கன்னு வச்சா நெட்டை ரகம் காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். அது வரைக்கும் கேட்டுக்கிட்டே இருங்க அண்ணே” என்றார். வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதைக் கடனாகவே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை பிறந்ததும் கேட்டேன். ஒரு வருஷம் கன்றுகளுக்கு நடுவே உளுந்து போட்டிருந்தார்; இன்னொரு வருஷம் வாழை. தலைமையாசிரியருக்கும் அதே மாதத்தில் போன் செய்வேன். அவருக்கு ஓடு, மாமரம் எல்லாவற்றையும் விடக் கிணற்றடிப் பெண்ணின் கதியில்தான் இன்னமும் மனத்தாங்கல். அவளைக் கடைசியில் நான் பிழைக்கவைத்தேன். ஆனால் கல்யாணம் செய்துவைக்கவில்லையாம்.

2025-ல் பேராவூரணிக்காரர் போனை எடுத்ததும் எடுக்காததுமாகச் சண்டைக்கு வந்தார். சில மரங்களில் பாளை விட்டிருக்கிறதாம். அதைப் பற்றி ஒரு வார்த்தைதான். மீதி நேரம் முழுவதும் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கிறது, வேலைக்கு ஆள் அகப்படவில்லை, கூலி கட்டவில்லை என்று அரை மணி நேரம் புலம்பித் தீர்த்தார். நடுவே அந்த அம்மாள், “போதும், அண்ணன் சாப்பிட வேண்டாமா?” என்று அதட்டுவது கேட்டது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு மறுபடி வண்டிலிருந்து ஆரம்பித்தார்.

நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.