நுளம்பின் உடலுள் நடப்பது என்ன?

மாரி மழை ஓய்ந்து இரண்டு வாரஞ் செல்வதற்குள் கொழும்பு மாநகரின் இல்லந்தோறும் ஓர் அச்சம் குடிபுகுந்துவிடுகின்றது. அந்நாட்களில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத தாய் இல்லை. இலங்கையில் டெங்கு நோய் 1962ஆம் ஆண்டிலேயே ஆய்வுகூடச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டது. எனினும் 2017ஆம் ஆண்டில் அது காட்டிய கொடுமை பெரிது. அவ்வாண்டில் மட்டும் 186,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர் எனக் கணிக்கப்பட்டது. 400க்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். வகுப்பறையில் வெறுமையாய்க் கிடந்த வாங்குகளைக் காலைதோறும் எண்ணிப் பார்த்த ஆசிரியருள் நாமும் ஒருவர்.

நாம் வாழும் கிருலப்பனையில் பலரும் பழி கூறுவது அயலில் ஓடும் கால்வாயின் மேலாகும். அழுக்கு நீரிற் பெருகுவது பெரும்பாலும் வேறோர் இன நுளம்பு. டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்போ கூரைப் பீலியிலும், சிரட்டையிலும், பூச்சாடித் தட்டிலும் தேங்கும் தெளிந்த நீரையே நாடுகின்றது. பகைவன் கால்வாய்க் கரையில் அல்லன். நம் வீட்டு முற்றத்திலேயே வளர்கின்றான்.

இந்நுளம்பை நோய் சுமக்கும் வெறுங் கலம் என்றே நாம் எண்ணிவிடுகின்றோம். உண்மை அதுவன்று. நோயாளியின் குருதியோடு உட்புகும் வைரசு, நுளம்பின் குடலைக் கடந்து, உடலெங்கும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைதல் வேண்டும். அதற்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாட்கள் செல்லும். அதன் பின்னரே நுளம்பு பிறருக்கு நோயைக் கொடுக்கின்றது. அதுவரை நுளம்பின் உடல் தன்னைக் காக்க முயல்கின்றது. வைரசோ அவ்வுடலைத் தன் ஏவலாள் ஆக்க முயல்கின்றது. இப்போரிற் பங்குகொள்வனவற்றுள் ஒன்றே மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் மிகச் சிறு பொருள்.

அஃது யாதென அறியக் கலியாண வீட்டுச் சமையற்கட்டை மனத்திற் கொள்வோம். பெரிய சமையற் புத்தகம் ஓர் அறையிற் பூட்டப்பட்டுள்ளது. வேண்டிய பக்கத்தை மட்டும் ஒருவர் படியெடுத்துக் கொடுக்க, அத்தாளைப் பார்த்துச் சமையற்காரர் பண்டம் ஆக்குகின்றார். உயிரணுவில் அப்புத்தகமே டி.என்.ஏ.; படியெடுத்த தாள் தூது ஆர்.என்.ஏ.; ஆக்கப்படும் பண்டம் புரதம். இனி, அத்தாளின் ஓரிடத்தில் எவரோ சிறு காகிதத் துண்டொன்றை ஒட்டிவிடுகின்றார் என்க. மேலே படிக்க இயலாது சமையல் நின்றுபோம். அத்துண்டே மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 22 இரசாயன எழுத்துக்களே கொண்ட அது, பெரும்பாலும் புரத ஆக்கத்தைக் குறைப்பது; சிற்சில வேளை கூட்டுவதும் உண்டு. ஒரு சிறு புழுவில் இதனைக் கண்டு 1993இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அமெரிக்க அறிஞர் விக்டர் அம்புரோசு, கரி ரவ்குன் இருவரும் 2024ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றனர்.

இச்சிறு பொருளுக்கும் நம் நகரத்துக்கும் தொடர்பு உண்டு. நுகேகொடையிலும் கொழும்பு மாநகரின் ஒரு பகுதியிலும் 2020ஆம் ஆண்டில் வொல்பாக்கியா என்னும் பற்றீரியாவை ஏந்திய ஈடிசு நுளம்புகள் விடுவிக்கப்பட்டன. “நுளம்பை ஒழிக்க வேண்டியவர்களே நுளம்பை விடுவதா?” என்று அயலவர் பலர் நம்மை வினவினர். நியாயமான வினாவே. அதற்கான விடையின் ஒரு பகுதி மேற்கூறிய காகிதத் துண்டில் அடங்கியுள்ளது.

வொல்பாக்கியா பூச்சியினங்கள் பலவற்றில் இயல்பாகவே வாழ்வது. தாயின் முட்டை வழியே சேய்க்குச் செல்வது. டெங்கு நுளம்பில் அஃது இயல்பாக இல்லாமையால் அறிஞர் அதனைப் புகுத்தினர். அதனை ஏந்திய நுளம்பில் டெங்கு வைரசு நன்கு பெருகுவதில்லை. காரணம் யாது? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் சாசன் அஸ்காரி குழுவினர் 2013இல் ஒரு விளக்கம் தந்தனர். வொல்பாக்கியா புகுந்த நுளம்பில் 2940 என்னும் இலக்கமிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகுகின்றது. அது நுளம்பின் நொதியம் ஒன்றை ஆக்கவிடாது தடுக்கின்றது. அந்நொதியமோ வொல்பாக்கியாவுக்கு இடையூறு. டெங்கு வைரசுக்குத் துணை. ஆகவே ஒரு தாளை மறைத்த மாத்திரத்தில் குடிவந்தவர் செழிக்க, கள்வன் மெலிகின்றான். வைரசு மெலிவதற்கு வேறு காரணங்களும் உள. இஃது அவற்றுள் ஒன்று.

வைரசும் வாளாவிருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் உள்ள குஞ்சின் வைரசு, மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் போன்றதொரு துண்டைத் தானே ஆக்கி, நுளம்பின் உயிரணுவைத் தன் பெருக்கத்துக்கு வசதியாக மாற்றிக்கொள்வதை அதே ஆய்வாளர் 2012இல் கண்டனர். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இருதிறத்தார்க்கும் பொருந்தும்.

இவ்வறிவு ஏட்டுச் சுரைக்காயாய் நின்றுவிடவில்லை. வொல்பாக்கியா நுளம்புகளை விடுவித்த இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரப் பகுதிகளில், ஏனைய பகுதிகளை நோக்க, டெங்கு 77 சதவீதம் குறைந்ததென 2021இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. எனினும் எஞ்சிய 23 சதவீதத்தில் யார் வீட்டுப் பிள்ளை இருக்குமென யார் அறிவார்? அறிஞர் நுளம்பின் உடலுள் நடக்கும் போரை ஆராயட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பீலியைத் துப்புரவாக்குவதும், சிரட்டையைக் கவிழ்ப்பதும், பூச்சாடித் தட்டின் நீரைக் கொட்டுவதும் நம் கையில் உள்ள போராகும். இதனை வீட்டுப் பிள்ளைகளையும் உடன்கொண்டு செய்வோமாக.