பிளாஸ்மாவா, எல்சிடியா? கூனிமேட்டில் ஒரு பொங்கல் பஞ்சாயத்து

2011 பொங்கல் சமயம். கூனிமேட்டில் ஒரு வீட்டில் கரும்பு கடித்துக்கொண்டே ஒரு சண்டை நடந்தது. சொத்துச் சண்டை இல்லை, கல்யாணச் சண்டையும் இல்லை. புது டிவி வாங்க வேண்டும். பிளாஸ்மாவா, எல்சிடியா? இவ்வளவுதான் விஷயம்.

அதுவரை அந்த வீட்டில் இருந்தது அரசு கொடுத்த இலவச கலர் டிவி. 14 அங்குலம். 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய திட்டம் அது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் கொடுக்கப்பட்டன. பின்பக்கம் தொப்பை போட்ட அந்தப் பெட்டி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. ஆனால் அதில் அடியில் ஓடும் எழுத்தை அப்பாவால் படிக்க முடியவில்லை.

அப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. வெயில் ஏற ஏற, பாத்தியில் விளைந்த உப்பு பளீரென்று கண்ணில் அடிக்கும். வருஷக்கணக்கில் அந்த வெளிச்சத்தில் குனிந்து உப்பு வாரிய கண். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூசும், நீர் வடியும். ஆனாலும் செய்தி பார்த்தே ஆக வேண்டும். அரசியலுக்காக இல்லை, மழைக்காக. நல்ல மழை ஒன்று அடித்தால் பாத்தியில் விளைந்தது கரைந்து போகும். வேலையும் இல்லை, கூலியும் இல்லை. சென்னை வானிலை மையத்து ரமணன் திரையில் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாளைக்கு லீவா என்று பார்ப்பார்கள். அந்த வீட்டில் அப்பா நாளைக்குக் கூலி உண்டா என்று பார்ப்பார்.

அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. கையில் போனஸ் பணம். அந்தப் பணத்துக்கு 42 அங்குல பிளாஸ்மாவும் வரும், 32 அங்குல எல்சிடியும் வரும். பிப்ரவரி 19ஆம் தேதி உலகக் கோப்பை ஆரம்பம். "கிரிக்கெட் பாக்கணும்னா பிளாஸ்மாதான்" என்பது அவன் கட்சி. புதுச்சேரியில் இயற்பியல் இரண்டாம் வருஷம் படித்த தங்கச்சி எல்சிடி கட்சி.

இரண்டுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? தங்கச்சி சொன்ன விளக்கம் சுலபமானது. பிளாஸ்மா திரை என்பது லட்சக்கணக்கான குட்டி டியூப்லைட். ஒவ்வொரு அறையிலும் நியான், செனான் வாயு. மின்சாரம் பாய்ந்ததும் புற ஊதாக் கதிர் வரும், அது பாஸ்பர் பூச்சில் பட்டு வெளிச்சமாகும். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. அதனால் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும், ஓடும் பந்து கலங்காது. 1964இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை இது.

எல்சிடி அப்படி இல்லை. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடும். கதவை எவ்வளவு சாத்தினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும், அதனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கதவு மெதுவாக மூடினால் வேகமான காட்சி இழுபடும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும்.

இதைக் கேட்டதும் அண்ணன் ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தான். "நீயே சொல்லிட்ட!"

அடுத்த நாள் நாலு பேரும் பஸ் ஏறி புதுச்சேரி நேரு வீதிக்குப் போனார்கள். கடையில் ஏசி குளிர், மங்கலான வெளிச்சம், இதற்கென்றே எடுத்த டெமோ படம். பிளாஸ்மா ஜொலித்தது. பக்கத்தில் எல்சிடி சோகையாக நின்றது. அண்ணன் பணத்தையே எடுத்துவிட்டான்.

தங்கச்சி விடவில்லை. "நம்ம வீடு இந்தக் கடை மாதிரியா இருக்கு?"

யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டு வாசல் கிழக்கே கடலைப் பார்த்தது. பகலெல்லாம் கூடத்தில் வெளிச்சம். அந்தக் காலத்து 42 அங்குல பிளாஸ்மா, 32 அங்குல எல்சிடியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்சாரம் இழுக்கும். தமிழ்நாட்டில் 2008 முதலே மின்வெட்டு. கேபிளில் வருவதோ 576 கோட்டுப் படம்தான். ஆறடி தூரத்தில் 42 அங்குலத்தில் அதைப் பார்த்தால் ரமணன் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். உப்புக்காற்று இரண்டையும் விடாது, உள்ளே போய் சர்க்யூட்டை அரிக்கும். அதில் மட்டும் யாருக்கும் சலுகை இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று இருந்தது. அப்பா சாயங்காலம் முழுக்க ஒரே செய்தி சேனலை வைத்திருப்பார். மூலையில் ஒரே லோகோ, அடியில் ஒரே பட்டை. பிளாஸ்மாவில் அசையாத படம் மணிக்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் பாஸ்பர் சீக்கிரம் தேயும். சேனலை மாற்றினாலும் பழைய லோகோ நிழல் மாதிரி தெரியும். சினிமா பார்க்கிறவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. மழைக்காகக் காத்திருப்பவருக்குப் பிரச்சினை.

அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. "அப்பா காத்துக்காக வாசப்படி ஓரமாத்தான் உக்காருவாரு. சைடுல இருந்து எல்சிடி வெளுத்துப் போகுமே?" தங்கச்சியிடம் இதற்குப் பதில் இல்லை. அம்மாதான் சொன்னார்: "டிவிய வாசப்படி பக்கமா திருப்பி வச்சா ஆச்சு. இதுக்கா இவ்ளோ பேச்சு?"

அதுவரை அப்பாவை யாரும் கேட்கவே இல்லை. அவர் கடைப் பையனிடம் இரண்டு டிவியையும் அணைக்கச் சொன்னார். பிளாஸ்மாவின் கண்ணாடியில் கடை விளக்குகள் அத்தனையும் தெரிந்தன, அவர் முகமும் தெரிந்தது. எல்சிடி திரை சொரசொரப்பாக, வெறும் கறுப்பாக இருந்தது. "பகலெல்லாம் கண்ணுல அடிக்கிறது போதாதா? இதே போதும்" என்று எல்சிடியைக் காட்டினார். அண்ணன் மேற்கொண்டு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து பொருத்தியதும் அப்பா முதலில் செய்தியைத்தான் வைத்தார். ஓடும் எழுத்து பழைய டிவியில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு உயரம். வாய்விட்டு ஒரு வரி படித்தார்.

ஏப்ரல் 2 அன்று தோனி அடித்த கடைசி சிக்ஸரை அந்த டிவியில்தான் பார்த்தார்கள். பந்து கொஞ்சம் இழுபட்டது என்று அண்ணன் குறை சொன்னான். அது உண்மைதான். டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. முதல் நாளே அப்பாவும் தங்கச்சியும் டிவியைக் கழற்றி பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டார்கள். உப்பு மூட்டை தூக்கிய தோளுக்கு அது ஒரு கனமா?

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். பயனியர் 2009இலேயே டிவி தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்திருந்தது. 2013இல் பானாசோனிக் பிளாஸ்மாவை நிறுத்தியது. 2014இல் சாம்சங்கும் எல்ஜியும் நிறுத்தின. அதனால் தங்கச்சிதான் கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. படத்தின் தரத்தில் கடைசிவரை பிளாஸ்மாவுக்கு ரசிகர்கள் உண்டு. இருட்டு அறையில் சினிமா பார்த்தவர்கள் அதை வாங்கியது தப்பே இல்லை. எல்சிடியை எல்லா அளவிலும் மலிவாகச் செய்ய முடிந்தது, மின்சாரமும் குறைவு. சந்தையில் அது ஜெயித்ததற்கு இவை பெரிய காரணங்கள்.

இதெல்லாம் பழைய கதை என்கிறீர்களா? இன்று எல்இடி டிவி என்று விற்பது எல்இடி பின்விளக்கு வைத்த அதே எல்சிடிதான். ஓஎல்இடி என்பது பிளாஸ்மா மாதிரி ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவது. அதே அருமையான கறுப்பு, அசையாத லோகோவுக்கு அதே பயம்! பெயர்தான் மாறியிருக்கிறது, பஞ்சாயத்து மாறவில்லை.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது எந்தப் படம் ஜொலிக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் கூடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த சேனல் அதிக நேரம் ஓடும், வீட்டில் யாருக்குக் கண் சரியில்லை என்று யோசியுங்கள். அந்த ஆளையும் கையோடு கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். டிவியை ஒருமுறை அணைத்தும் பாருங்கள்.